ஸ்மித்துகள் எல்லாரும் ஒரே குடும்பமா?

ஸ்மித் என்ற குடும்பப்பெயர் உள்ள எல்லாரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்று ஒரு பதிவு பார்த்தேன். அது சரியில்லைங்க. கொல்லர் தொழிலில் வந்த பெயர் அது. இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் கொல்லுப்பட்டறை இருந்தது. குடும்பப்பெயர்கள் பரம்பரையாக நிலைத்த 13, 14ஆம் நூற்றாண்டுகளில் பல இடங்களில் தனித்தனியாக ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் ஷ்மிட் (ஜெர்மன் மொழியில் கொல்லர்) என்ற பெயருள்ள ஜெர்மானியர்கள் பலரும் அப்புறம் ஸ்மித் ஆனார்கள்.

நீங்களே பார்க்கலாம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்தில் 2010 குடும்பப்பெயர்ப் பட்டியல் இலவசமாகக் கிடைக்கும். முதலிடத்தில் ஸ்மித், 24 லட்சத்துக்கும் மேல். அதில் ஐந்தில் ஒருவருக்கு மேல் கறுப்பினத்தவர், அதாவது பெயர் ஒன்று என்பதால் வம்சமும் ஒன்று என்று சொல்ல முடியாது. லெஸ்டர் பல்கலைக்கழகம் 2009இல் வெளியிட்ட ஒய் குரோமோசோம் (தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் மரபுக்கூறு) ஆய்வையும் தேடிப் படியுங்கள். அரிய பெயர்க்காரர்களிடம் பொது மூதாதை தெரிகிறார், ஸ்மித்துகளிடம் இல்லை.