செண்டையைத் தாளிப்பாகப் போடாதீர்கள்

வாளையாறுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, ராக் பேண்ட் வைத்திருக்கும் பசங்கள் "அடுத்த ஆல்பத்துல சவுண்டே வேற" என்றால் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான். பழைய பாட்டு அப்படியே இருக்கும், நடுவில் எட்டு விநாடி கேரளத்துச் செண்டை மேளம் கேட்கும். குழம்பு அதேதான், தாளிப்பு மட்டும் புதுசு.

கொச்சி ராக் பேண்ட் மதர்ஜேன் 2008இல் 'மக்தூப்' ஆல்பம் போட்டபோது கிதார் வாசிக்கும் விரலே மாறியது. கம்பியை இழுத்தே கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, பேச வைத்தார் அதன் கிதார்க்காரர் பைஜு தர்மஜன்.

நீங்களும் நாதசுரத்தையும் செண்டையையும் ராக்கோடு அப்படிக் கலக்க வேண்டுமா? முதலில் சுருதி. நாதசுரம் இரண்டரைக் கட்டை என்றால் டி ஷார்ப். கிதாரின் ஆறு கம்பியையும் அரை ஸ்வரம் இறக்கினால் தடித்த கம்பியே சட்ஜமாகிவிடும் (ஆதார 'ஸ'), இழுக்கவும் லேசாக இருக்கும். ஆனால் 9 கேஜ் என்னும் மெல்லிய கம்பி செட் தொளதொளத்து, கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஏறும். கொஞ்சம் தடித்த 10-46 செட் போடுங்கள். ஊத ஊத நாதசுரமும் சூடேறிச் சுருதி கூடும். அதனால் பத்து நிமிடம் ஊதவிட்டு, பிறகு கிதாரை அதற்குச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்டார்ஷன் வைத்து முழு கார்டு அடிப்பதுதான் பெரிய தப்பு. நாதசுரக் காந்தாரம் ('க') அசைந்துகொண்டே நிற்கும், கிதார் அதை ஆணியடித்துப் பிடித்தால் உரசத்தான் செய்யும். சட்ஜமும் பஞ்சமமும் ('ப') போதும். மேலிருந்து இறங்கும் கமகத்துக்குக் கம்பியை முன்பே இழுத்து வைத்து, மீட்டி, மெல்லத் தளர்த்த வேண்டும். கீழிருந்தே இழுக்கும் ப்ளூஸ் பழக்கம் இங்கே உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது காலம். கேரளக் கோயில்களின் செண்டைக் கச்சேரியான பஞ்சாரி மேளம் 96 அட்சரத் தாளச் சுற்றில் தொடங்கி 48, 24, 12 என்று குறுகி 6இல் முடியும். வேகம் ஏறுவதில்தான் அதற்கு உயிர். நிமிடத்துக்கு 120 என்று மெட்ரோனோம் கிளிக்கைப் பூட்டி அதன்மேல் செண்டைக்காரரை வாசிக்கச் சொன்னால், கணக்கு சரியாக இருக்கும், மேளம் இருக்காது. செண்டையை முதலில் பதிவு செய்து, அதன் ஓட்டத்துக்கு ஏற்ப வேகம் மாறும்படி டெம்போ மேப் போட்டு, டிரம்ஸைக் கடைசியில் வாசியுங்கள். செண்டையின் இரண்டு முகங்களில் இடந்தலைக்கு ஒரு மைக், வலந்தலைக்கு ஒரு மைக்.

டிரம்ஸின் ஸ்நேர் அடியும் இடந்தலை அடியும் ஒரே இடத்தில் மோதும். செண்டையோடு இலத்தாளம் (கைத்தாளம்) ஒலிக்கும்போது ஹை-ஹேட், கிராஷ் இரண்டுக்கும் அங்கே வேலை இல்லை. ஸ்நேரையும் சேர்த்து மூன்றையும் எடுத்தால் டிரம்மர் சண்டைக்கு வருவார். வரட்டும், கிக்கும் ஃப்ளோர் டாமும் அவர் கையில்தானே இருக்கிறது.