எங்கள் தெருவின் இரண்டு லாரிகள்

நேற்று காலை ஐந்தரை மணி. ஹார்ன் சத்தம் தாங்காமல் பால்கனிக்குப் போனால், தெருவில் இரண்டு லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்று எங்கள் சம்ப்புக்குத் தண்ணீர் கொண்டுவந்த லாரி. இன்னொன்று அடுத்த பிளாட்டின் செப்டிக் டேங்கை உறிஞ்சிவிட்டுத் திரும்பும் லாரி. தெரு 20 அடி. அதில் பாதியைக் கார்கள் அடைத்திருக்கின்றன. யார் ரிவர்ஸ் எடுப்பது என்று கால்மணி நேரம் பஞ்சாயத்து. ரெண்டுமே ஃபுல் லோடு. கடைசியில் வாட்ச்மேன் நாலு வீட்டுக் காலிங்பெல்லை அடித்து, கார்களை எடுக்கச் சொல்லித்தான் வழி பிறந்தது.

தென்சென்னைப் புறநகரில் இந்த வீட்டை வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. "ரெண்டே வருஷம் சார், மெட்ரோ வாட்டர், டிரெய்னேஜ் எல்லாம் வந்துடும்" என்றார் விற்றுக்கொடுத்த புரோக்கர். இன்றைக்கும் அந்த ரெண்டு வருஷம் அப்படியே பாக்கி இருக்கிறது.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ஜனம் பெருத்துப்போச்சு, என்ன பண்றது?" எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஜனம் பெருகும் என்பது யாருக்குத் தெரியாது? 1910-ல் மெட்ராசுக்குப் பாதாளச் சாக்கடை வடிவமைத்தபோதே, 1961-ல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஐம்பது வருடம் தள்ளி யோசித்திருக்கிறார்கள். 1961 வந்தபோது இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். கணக்கு படுமோசமாகத் தப்பியது, உண்மைதான். ஆனால் குழாய் மண்ணுக்குள் இருந்தது. பிற்பாடு வந்தவர்கள் அதை நீட்டினார்கள், பெரிதாக்கினார்கள். (அந்தக் காலத்து மாநகராட்சிப் பொறியாளர் மேட்லியின் பெயரில்தான் தி. நகரில் மேட்லி சாலை இருக்கிறது. அங்கே இருக்கும் சுரங்கப்பாதை இப்போது மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கியே செய்தியில் வருகிறது. பாவம் மனுஷன்.)

நம் காலத்துக்கு வருவோம். சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008-ல் வந்தது. 2026-ல் சென்னைப் பெருநகரில், அதாவது மாநகரும் சுற்றுப்புற ஊர்களும் சேர்ந்து, சுமார் 1.26 கோடிப் பேர் இருப்பார்கள் என்றது. அதில் பழைய சென்னை மாநகருக்கு 2011-ல் 49 லட்சத்துக்கு மேல் என்று போட்டிருந்தார்கள். மூன்றே வருடத்தில் வந்த கணக்கெடுப்பு 46.46 லட்சம் என்றது. மிச்சப் பேர் எங்கே போனார்கள்? எங்களை மாதிரி வெளியே வந்துவிட்டார்கள். மயிலாப்பூரில், மாம்பலத்தில் வாடகை கட்ட முடியாதவர்கள் ஓ.எம்.ஆருக்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கும் நகர்ந்தார்கள். கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை அரசே புறநகரில் கண்ணகி நகருக்கும், பிற்பாடு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடிவைத்தது. ஆக, குழாய் இருக்கும் இடத்தில் ஆள் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. ஆள் ஏறிய இடத்தில் குழாய் இல்லை.

கோளாறு எண்ணிக்கையில் இல்லை, வரிசையில் இருக்கிறது என்கிறேன். முதலில் மனை, அடுத்து வீடு, அப்புறம் ஆட்கள், அப்புறம் சாலை, எல்லாம் முடிந்தபின் சாலையை வெட்டிக் குழாய். 2019-ல் வந்த கட்டட விதிகளில், சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை (எஃப்.எஸ்.ஐ., மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 1.5-லிருந்து 2 ஆக்கினார்கள். அதே மனையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். நகரத்தில் இடம் குறைவு, உயர்த்திக் கட்டுவதுதான் நியாயம், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தத் தெருவுக்குள் வரும் தண்ணீரும் மூன்றில் ஒரு பங்கு கூடியதா? எங்கள் தெருவில் கூடியது லாரி நடை மட்டும்தான். பெரிய கட்டடங்களுக்கு அனுமதி தரும்போதே உள்கட்டமைப்புக் கட்டணம் என்று ஒரு தொகை வாங்குகிறார்கள். பில்டர் அதை எங்கள் சதுர அடி விலையில் சேர்த்துவிட்டார். அதாவது வராத குழாய்க்குக் காசு கொடுத்தாகிவிட்டது.

கிளாம்பாக்கத்தைப் பாருங்கள். தெற்கே போகும் பஸ்களுக்குக் கோயம்பேட்டுக்குப் பதிலாக 88 ஏக்கரில் பேருந்து முனையம், 2023 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள். எதிர்ச்சாரியில் தண்டவாளம் ஓடுகிறது, ஆனால் திறந்தபோது ரயில் நிற்பதற்கு ஒரு ஸ்டேஷன் இல்லை. அந்தப் பொங்கலுக்கு என் மாமியார் இரண்டு பையோடு அங்கே இறங்கி, ஆட்டோக்காரர் கேட்ட தொகையைக் கேட்டு எனக்குப் போன் போட்டார்கள். "இதுக்கு கோயம்பேடே தேவலையே மாப்ள." முனையம் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. இங்கேயும் வரிசைதான் தலைகீழ்.

இப்போது மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது, 2027 முதல் 2046 வரைக்கும். இதற்கிடையே 2022-ல் பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கிவிட்டார்கள், கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. கையில் இருப்பது 2011 கணக்கு. எங்கள் தெருவில் 2011-ல் இருந்தவை மூன்று தனிவீடுகளும் ஒரு மாட்டுக்கொட்டகையும் என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொல்வார். இன்று ஆறு அடுக்குமாடிகள்.

என்னைக் கேட்டால், அந்தத் திட்டத்தில் 2046-ல் எத்தனை கோடிப் பேர் என்பதை விட எனக்கு வேண்டியது ஒரே ஒரு விதி. தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் வந்த தெருவில்தான் அடுக்குமாடிக்கு அனுமதி. வராத இடத்தில் எப்போது வரும் என்று தேதி போட்டுக் கொடுங்கள், அதுவரை தனிவீடு மட்டும். வீட்டு விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வீடு வாங்க அலைந்த காலம் மறக்கவில்லை. ஆனால் ஒன்பது வருடமாக மெயின்டனன்ஸில் லாரிக்குக் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்தால், அந்த விலை ஏற்கெனவே ஏறித்தான் இருக்கிறது. தவணை முறையில்.

தெருமுனைக் காலிமனையில் போன வாரம் பூமி பூஜை போட்டார்கள். தரைத்தளமும் ஐந்து மாடியும், 40 வீடு என்று போர்டு. போர்வெல் போடும் வண்டி நேற்றே வந்துவிட்டது.