‘ட்ரீம்’ மசோதா சட்டமாகவில்லை
உரிய ஆவணங்களின்றி அமெரிக்காவில் வளர்ந்த இளைஞர்களுக்குக் குடியுரிமைக்கு வழிசெய்யும் ‘ட்ரீம்’ மசோதா, இரு கட்சிகளின் சமரசத்தால் 2010-லேயே சட்டமாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. சமரச முயற்சி நடந்தது உண்மைதான். தயங்கியவர்களின் வாக்குகளைப் பெறுவதற்காக வயது வரம்பைக்கூட 35-இலிருந்து 30 ஆகக் குறைத்தார்கள். மசோதா 2010 டிசம்பர் 8 அன்று பிரதிநிதிகள் அவையில் 216-க்கு 198 என்ற கணக்கில் நிறைவேறியபோதிலும், பத்து நாள் கழித்துச் செனட்டில், விவாதத்தை முடிக்கத் தேவையான 60 வாக்குகள் கிடைக்காமல், 55-க்கு 41 என்ற நிலையில் நின்றுபோனது. (55 பெரும்பான்மைதானே என்று எண்ணியதால் இந்தக் குழப்பம் எழுந்திருக்கலாம்.) 2012-இல் ஒபாமா அரசு அறிவித்த ‘டாகா’ திட்டமோ, நாடுகடத்தலை இரண்டிரண்டு ஆண்டுகளாகத் தள்ளிவைக்கும் நிர்வாக ஏற்பாடு மட்டுமே, அது குடியுரிமை தருவதில்லை. வாக்கெடுப்புப் பதிவைச் செனட்டின் அதிகாரபூர்வ இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.