கலாநிதி மாறன்: கட்சிக் கொடியா, கேபிள் வயரா?

சன் டிவி அதிபர் கலாநிதி மாறன் பேச்சு எங்கே வந்தாலும் கமெண்டில் ஒரே பல்லவிதான்: "தாத்தா முதல்வர், அப்பா மத்திய மந்திரி, தம்பியும் மந்திரி. இதெல்லாம் இருந்தா நானும் பண்ணுவேன்." பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்காமல் விட்டால் அந்தத் தொழில் எப்படி ஓடியது என்பதே புரியாது.

முதலில் தேதி. சன் டிவி தொடங்கியது 1993 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள். அன்று கோட்டையில் ஜெயலலிதா, டெல்லியில் நரசிம்ம ராவ். 1991 சட்டமன்றத் தேர்தலில் திமுக ஜெயித்தது இரண்டே தொகுதி. அதற்கு முன் 1990இல் கலாநிதி 'பூமாலை' என்று ஒரு வீடியோ கேசட் இதழ் நடத்தினார். அந்தத் தொழிலின் ஓட்டை எளிது: இரண்டு விசிஆர் வைத்திருக்கும் எவனும் ஒரு கேசட்டைப் பத்தாக்கிவிடலாம். கேசட் கடை வழியாகப் போகாமல் நேராக வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் செயற்கைக்கோள்தான் வழி. ஆனால் தனியார் சேனல் இந்திய மண்ணிலிருந்து அப்லிங்க் செய்ய, அதாவது செயற்கைக்கோளுக்குச் சிக்னல் அனுப்ப, அப்போது அனுமதி இல்லை. நிகழ்ச்சியை டேப்பில் ஏற்றி விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கிருந்துதான் மேலே விட வேண்டும். ஆளுங்கட்சி நிழலில் முளைத்த செடி என்று இந்தக் கட்டத்தைச் சொல்ல முடியாது. குடும்பப் பெயர் கதவைத் திறந்துவிட்டிருக்கும், அதை மறுக்கவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது? ஸ்லாட் வியாபாரம். அப்போது சேனலே சீரியல் எடுக்காது. அரை மணி நேரத்தைத் தயாரிப்பாளருக்கு விற்கும். அவர் கட்டணம் கட்டுவார், சொந்தச் செலவில் எபிசோடு எடுப்பார், தனக்கு ஒதுக்கிய விளம்பர நிமிடங்களை விற்றுக் காசு பார்ப்பார். டி.ஆர்.பி. ஏறினால் அடுத்த முறை ஸ்லாட் விலையும் ஏறும். தொடர் படுத்தால்? நஷ்டம் முதலில் விழுவது தயாரிப்பாளர் தலையில். கூடவே சினிமா உரிமை. சாட்டிலைட் உரிமைக்கு என்ன விலை வரும் என்று தயாரிப்பாளர்களுக்கே தெரியாத காலத்தில் வாங்கிக் குவித்த படங்கள். ஒரு படத்தைப் பத்தாவது தடவை போடுவதற்குச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம், விளம்பரம் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசு.

ஆனால் உண்மையான பலம் வயரில் இருந்தது. சுமங்கலி கேபிள் விஷன். டிஷ்ஷில் பிடித்த சிக்னலைத் தன் மைய நிலையத்திலிருந்து (ஹெட்-எண்ட்) ஃபைபர் வழியாக ஏரியா கேபிள்காரருக்குக் கொடுக்கும் எம்.எஸ்.ஓ. அனலாக் காலத்தில் எந்தச் சேனல் எந்த எண்ணில் வரும் என்பது எம்.எஸ்.ஓ. கையில். பழைய டிவிப் பெட்டிகளுக்கு முதல் சில பேண்டுகள்தான் தெளிவாக எடுக்கும். பின்னால் தள்ளினால் படத்தில் புள்ளி அடிக்கும், பல பெட்டிகளில் டியூனே ஆகாது. சேனலை நிறுத்தவே வேண்டாம், எண்ணை மாற்றினால் போதும். போட்டிச் சேனல்களின் பழைய புகாரும் இதுதான். என் பார்வையில், விமர்சிக்க வேண்டிய இடம் இது. சேனலும் வயரும் ஒரே வீட்டில் இருந்தால் பார்ப்பவனுக்குத் தேர்வு என்று எதுவும் மிஞ்சாது.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அரசியல்வாதிகள். 2006 ஜனவரியில் ஜெயலலிதா அரசு கேபிள் நிறுவனத்தைக் கையகப்படுத்த மசோதா நிறைவேற்றியது (சட்டமாகவில்லை). 2007 மே மாதம், திமுக ஆட்சியில், மாறன் குடும்ப நாளிதழ் தினகரனில் கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று கருத்துக்கணிப்பு, அதன் மதுரை அலுவலகத்தில் தாக்குதல், மூன்று ஊழியர்கள் பலி. தம்பி தயாநிதியின் மந்திரி பதவி போனது. செப்டம்பர் 15இல் கலைஞர் டிவி, அக்டோபரில் அரசு கேபிள் கார்ப்பரேஷன். அடித்தது எதிர்க்கட்சி அல்ல, சொந்தக் குடும்பம். 2008 டிசம்பரில் சமாதானம் ஆனதும் அரசு கேபிள் தூங்கிப்போனது. 2011இல் ஜெயலலிதா அதைத் தட்டி எழுப்பி மாதம் 70 ரூபாய் என்றார். வயர் கைநழுவியும் சேனல் விழவில்லை. அதற்குள் சீரியல் பழக்கம் வீடுகளில் வேர்விட்டிருந்தது.

இனி ஸ்பைஸ்ஜெட் விமான நிறுவனம். 2010இல் 37.7 சதவீதப் பங்கு வாங்கினார். பிறகு பம்பார்டியர் க்யூ400 என்ற சின்ன விமானம் பதினைந்துக்கு ஆர்டர். காகிதத்தில் நல்ல கணக்கு: 80 இருக்கைக்குக் கீழே என்பதால் தரையிறங்கும் கட்டணம் கிடையாது, எரிபொருளுக்கு விற்பனை வரி 4 சதவீதம்தான். ஆனால் கம்பெனியிடம் ஏற்கெனவே இருந்தது போயிங் 737. இரண்டு ரக விமானம் என்றால் பைலட் தனி, இன்ஜினியர் தனி, உதிரிபாகக் கிடங்கு தனி. சிக்கன விமானத் தொழிலின் பாலபாடமே ஒரே ரகம் என்பது. மேலே கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டி நின்றது. விமான வாடகை டாலரில், டிக்கெட் வருமானம் ரூபாயில், 2013இல் ரூபாய் சரிந்தது. பழைய படம் மாதிரி இல்லை இது. காலியாகப் பறந்த சீட்டை நாளைக்கு விற்க முடியாது. வயரும் இங்கே இல்லை. விமான நிலையம் வேறொருவருடையது, எண்ணெய் வேறொருவருடையது. 2014 டிசம்பர் 17 அன்று எண்ணெய் நிறுவனங்கள் கடனுக்கு ஊற்ற மறுத்து, விமானங்கள் பல மணி நேரம் தரையில் நின்றன. அடுத்த மாதம் 58.46 சதவீதப் பங்கை, கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அஜய் சிங்கிடம் ஒப்படைக்க முடிவு. வேடிக்கை என்னவென்றால் அதே ஜனவரியில் கச்சா எண்ணெய் 50 டாலருக்குக் கீழே போயிருந்தது. வாரண்டு (பின்னால் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமைப் பத்திரம்) பணம் தொடர்பான வழக்கு அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இழுத்தது.

குடும்பப் பெயருக்கு விலையும் உண்டு. ஏர்செல் செல்போன் நிறுவனம் மேக்சிஸுக்குக் கைமாறியதில் முறைகேடு என்ற ஏர்செல்-மேக்சிஸ் வழக்கு நிலுவையில் இருந்ததால் 2015 எஃப்எம் வானொலி ஏலத்துக்குப் பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்டு, நீதிமன்றம் போய்த்தான் கலந்துகொள்ள வேண்டியிருந்தது. 2017 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் அந்த வழக்கிலிருந்து சகோதரர்களை விடுவித்தது.

திட்டத்தான் வேண்டுமென்றால் தாத்தாவை விட்டுவிட்டு சன் டிவி கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறங்கள். 2006இல் ஒரு பங்கு 875 ரூபாய்க்கு விற்று சுமார் 603 கோடி திரட்டிய கம்பெனி அது. 2018-19இல் கணவன், மனைவி இருவருக்கும் ஊதியம் தலா 87.5 கோடி. பங்கில் 75 சதவீதம் அவர் கையில். கம்பெனியின் பெரிய முடிவுகளுக்கான சிறப்புத் தீர்மானம் நிறைவேறத் தேவையும் அதே 75 சதவீதம்தான்.