கண்ணாடி எத்தனை கிராம்?

(ஞாயிறு காலை. அக்கா வீட்டு ஹாலில் தரையோடு தரையாக ஓர் எடை மெஷின். ரகுவுக்கு வயது 46, ஒரு கம்பெனியில் கணக்கு பார்ப்பவர். அக்கா பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ரகு வீட்டிலும் மெஷின் இருக்கிறது. ஆனால் அது தன்மேல் ஏதோ விரோதம் வைத்திருக்கிறது என்று அவருக்குத் திடமான நம்பிக்கை. அதனால் வாரம் ஒருமுறை இங்கே வந்து ஏறுவார்.)

(வாட்ச், பெல்ட், பர்ஸ், சாவிக்கொத்து, போன் எல்லாம் சோபாவுக்குப் போகின்றன. கடைசியாக மூக்குக்கண்ணாடியும்.)

அக்கா: கண்ணாடி எத்தனை கிராம்டா இருக்கும்?

ரகு: இருபத்தைந்து.

அக்கா: நல்லவேளை, உனக்குப் பல்செட் இல்லை.

(ரகு மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்.)

அக்கா: வயிற்றை எதற்கு எக்குகிறாய்? உள்ளே போன வயிறு மெஷினை விட்டு இறங்கியா நிற்கும்?

ரகு: பேச வைக்காதே, அக்கா. நம்பர் மங்கலாகத் தெரிகிறது. நீ பார்த்துச் சொல்.

அக்கா: கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாரேன்.

ரகு: போட்டால் இருபத்தைந்து கிராம் ஏறிவிடும்.

அக்கா: 84.6.

ரகு: (இறங்கி ஒரு குதி குதிக்கிறார்) மூன்று கிலோ! திங்கட்கிழமை 87.6 இருந்தேன். அஞ்சே நாள், முட்டைக்கோஸ் சூப் மட்டும். காலை சூப், மதியம் சூப், ராத்திரி சூப். மூன்று கிலோ கொழுப்பு போயே போச்சு!

அக்கா: கொழுப்பு என்று அந்த மெஷின் சொன்னதா?

ரகு: பின்னே எலும்பா குறைந்திருக்கும்?

அக்கா: நீ கணக்குப் பிள்ளைதானே, நீயே போட்டுப் பார். உடம்பில் இருக்கும் ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி. மூன்று கிலோவுக்கு?

ரகு: 23,100.

அக்கா: உன் உடம்பு ஒரு நாளைக்கு மிஞ்சிப்போனால் 2,400 செலவு செய்யும். அஞ்சு நாளைக்கு 12,000. நீ சூப்பைக்கூடத் தொடாமல் அஞ்சு நாளும் பட்டினி கிடந்திருந்தாலும் ஒன்றரை கிலோதான் கொழுப்பு கரைந்திருக்கும். மிச்சம் ஒன்றரை கிலோ எங்கே போனது?

ரகு: (யோசித்து) ரவுண்டிங் எர்ரர்?

அக்கா: தண்ணீர். மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜன் என்று கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டை நிறுத்தினாய், கிளைகோஜன் செலவானது, தண்ணீர் போய்விட்டது. நாளைக்கு ஒழுங்காகச் சாப்பிட்டால் இரண்டும் கைகோத்துக்கொண்டு திரும்பி வரும்.

ரகு: சந்தோஷத்தில் மண்ணைப் போடுவதற்கென்றே உனக்கு ஓய்வூதியம் கொடுக்கிறார்கள்.

(சோபாவில் சாய்ந்து, தான் கொண்டுவந்த பெரிய பையைத் திறக்கிறார். தேன் பாட்டில், எலுமிச்சம்பழம், கிரீன் டீ, ஒரு பாதாம் பொட்டலம், பாலிதீன் சுருள் ஒன்று. பாதாம் பொட்டலம் பிரித்தபடியே இருவருக்கும் நடுவே டீப்பாய்க்கு வருகிறது. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.)

ரகு: சூப்பை விடு. இது சரிதானே? வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து தேன் விட்டு வெறும் வயிற்றில் குடித்தால், உள்ளே இருக்கும் கொழுப்பை அரித்துவிடுமாம். அமிலம்!

அக்கா: உன் வயிற்றில் ஏற்கெனவே என்ன அமிலம் இருக்கிறது? எட்டாம் வகுப்பில் நான்தானே உனக்கு நடத்தினேன்?

ரகு: ஹைட்ரோகுளோரிக்.

அக்கா: அதைவிட எலுமிச்சை பெரிய ரவுடியா? அப்புறம், தொப்பைக் கொழுப்பு இரைப்பைக்குள்ளேயா மிதக்கிறது, மேலே ஊற்றிக் கரைக்க? (ஒரு பாதாமை வாயில் போட்டுக்கொள்கிறார்) ஒரு மேசைக்கரண்டி தேனில் 60 கலோரி இருக்கிறது. நீ எத்தனை கரண்டி விடுகிறாய்?

ரகு: எலுமிச்சை புளிக்குமே... மூன்று.

அக்கா: எடை குறைய 180 கலோரி.

ரகு: தேன் இயற்கை, அக்கா.

அக்கா: பாம்பு விஷமும் இயற்கைதான். அது சரி, இந்தப் பாலிதீன் எதற்கு? என்னத்தைப் பொட்டலம் கட்டப்போகிறாய்?

ரகு: என்னைத்தான். இதை வயிற்றில் சுற்றிக்கொண்டு நடந்தால், வயிறு மட்டும் தனியாக வியர்த்து, வயிறு மட்டும் தனியாக இளைக்கும். தினமும் நூறு முறை படுத்து எழுந்து வயிற்றுப் பயிற்சி வேறு.

அக்கா: நூறா?

ரகு: முதல் நாள் பதினொன்று. அதோடு ஒரு வாரம் திரும்பிப் படுக்கவே முடியவில்லை.

அக்கா: வியர்வை என்றால் தண்ணீர். ஒரு சொம்பு குடித்தால் கணக்கு நேராகிவிடும். (இன்னொரு பாதாம்) கொழுப்பை எந்த இடத்திலிருந்து எடுப்பது என்று உன்னிடம் உடம்பு அனுமதி கேட்காது. டென்னிஸ் ஆடுபவர்கள் வருஷக்கணக்காக ஒரே கையால்தான் அடிக்கிறார்கள், இல்லையா? 1971-ல் அவர்களுடைய இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். ஆடுகிற கையில் தசை கூடுதல். ஆனால் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு இரண்டு கையிலும் ஒரே கனம்.

ரகு: அப்படியானால் என் முகம்தான் முதலில் ஒட்டும், தொப்பை கடைசியில்.

அக்கா: ஆமாம். பார்ப்பவர்கள் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். சட்டைப் பட்டன் மட்டும் அப்படியே திணறிக்கொண்டிருக்கும்.

(ரகு பாலிதீன் சுருளைப் பைக்குள் திணிக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் அவர் மேல் எனக்குப் பரிதாபம் உண்டு. தொப்பை கடைசியில்தான் போகும் என்பது உண்மையிலேயே அநியாயம்.)

ரகு: சரி, பழைய வைத்தியம் எல்லாம் வேண்டாம். இப்போது லேட்டஸ்டாக ஒன்று வந்திருக்கிறது. ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு எதுவும் கூடாது. இறைச்சி, மீன் என்று வெட்டலாம்.

அக்கா: லேட்டஸ்ட் என்றால் எந்த வருஷம்?

ரகு: போன வருஷம், ரெண்டு வருஷம்...

அக்கா: 1863. லண்டனில் வில்லியம் பாண்டிங் என்று ஒருவர். ராஜ குடும்பத்துச் சாவுக்கே சவப்பெட்டி ஏற்பாடு செய்கிற வீடு. மனிதர் பருத்துப்போய், குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியவில்லை. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவாராம்.

ரகு: (பதறி) நானும் கொஞ்ச நாளாகச் சாய்ந்துதான் இறங்குகிறேன்!

அக்கா: டாக்டர் சொன்னார் என்று ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் நிறுத்தினார். ஒரு வருஷத்தில் 20 கிலோ குறைந்தது. சந்தோஷம் தாங்காமல் சின்னப் புத்தகமே அச்சடித்து ஊருக்குக் கொடுத்தார். ஸ்வீடன் மொழியில் இன்றைக்கும் டயட் இருப்பதற்கு 'பாண்டா' என்றுதான் சொல்வார்கள், அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

ரகு: அப்போ வேலை செய்கிறது!

அக்கா: செய்யாதென்று யார் சொன்னது? ஒரு பெரிய பட்டியலையே நிறுத்தினால் சாப்பிடும் அளவும் கூடவே குறையும். நீ எத்தனை நாள் இருந்தாய்?

ரகு: செவ்வாய் வரை.

அக்கா: எந்தக் கிழமை ஆரம்பித்தாய்?

ரகு: ...திங்கள்.

அக்கா: அதற்கு முன்னால் எட்டு மணி நேர டயட் ஒன்று இருந்ததே?

ரகு: பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரம் சாப்பாடு. அதில்தான் இரண்டு கிலோ கூடிவிட்டது. அந்த டயட்டே மோசடி.

அக்கா: எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிடு என்றால், எட்டு மணி நேரமும் சாப்பிடு என்றா அர்த்தம்? (இரண்டு பாதாம், ஒரே சமயத்தில்)

ரகு: இதோ பார், என் பிரச்சினை சாப்பாடே இல்லை. மெட்டபாலிசம். நாற்பது தாண்டினாலே உடம்பு மெதுவாகிவிடும். எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

அக்கா: தெரிந்த எல்லாரையும் அழைத்துவா. 2021-ல் 29 நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்து பார்த்தார்கள், பிறந்து எட்டு நாள் ஆன குழந்தை முதல் 95 வயதுக் கிழவர் வரை. உடம்பின் அளவுக்குத் தகுந்தபடி கணக்கிட்டால், இருபதிலிருந்து அறுபது வரை ஆற்றல் செலவு ஏறக்குறைய ஒரே மட்டம். அறுபதுக்கு மேல்தான் மெல்ல இறங்குகிறது.

ரகு: அப்போ நாற்பதில் எனக்கு என்ன ஆனது?

அக்கா: பதவி உயர்வு. தனி அறை, சுழல் நாற்காலி. முன்பெல்லாம் ஃபைலை நீ தூக்கிக்கொண்டு ஓடுவாய், இப்போது ஃபைல் உன்னைத் தேடி வருகிறது.

ரகு: நான் தினமும் 10,000 அடி நடக்கிறேன். போன் சொல்கிறது.

அக்கா: போன வாரம் அந்தப் போனை உன் பையன் சட்டைப் பையில் போட்டு விளையாட அனுப்பினாய். அவன்தான் வந்து சொன்னான்.

ரகு: (குரல் இறங்கி) குடும்பத்துக்குப் பொதுவான போன்...

அக்கா: 10,000 என்பதும் எந்த டாக்டரும் எழுதிய சீட்டு இல்லை. 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. பெயர்தான் பிற்பாடு விதியாகிவிட்டது. அதைவிடக் குறைவாக நடந்தாலும் நல்லதுதான். நீ நடக்க வேண்டும், அவ்வளவுதான். உன் பையன் இல்லை.

ரகு: எல்லாவற்றையும் தட்டிவிட்டாய். அப்போ மாத்திரைதான் வழி. கொழுப்பை எரிக்கிற மாத்திரை ஒன்று விளம்பரத்தில் பார்த்தேன்.

அக்கா: (பாதாமை நோக்கிப் போன கை நிற்கிறது) அது மட்டும் வேண்டாம்டா, விளையாட்டில்லை. 1930-களில் டைநைட்ரோபீனால் என்று ஒரு மாத்திரை அமெரிக்காவில் அமோகமாக விற்றது. நிஜமாகவே எரித்தது, உடம்பையும் சேர்த்து. காய்ச்சலாக ஏறி ஆட்கள் செத்தார்கள், சிலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. 1938-ல் மனிதர்களுக்கு ஆகாது என்று நிறுத்தினார்கள். எதுவாக இருந்தாலும் டாக்டரைக் கேட்டுச் செய், விளம்பரத்தைக் கேட்டுச் செய்யாதே.

(சிறிது நேரம் மௌனம். கை மறுபடியும் பாதாமுக்குப் போகிறது.)

ரகு: ஒன்று கேட்கட்டுமா? கொழுப்பு குறைகிறது, குறைகிறது என்கிறோமே, அது எந்த வழியாகத்தான் போகிறது?

அக்கா: நீ என்ன நினைக்கிறாய்?

ரகு: (சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தி ஒரு வழியைச் சொல்கிறார். காலை நேரம், எழுதவில்லை.)

அக்கா: இல்லை. மூக்கு வழியாக.

ரகு: சளியாகவா?

அக்கா: மூச்சாகடா! (ரகுவின் டயட் அட்டவணையைப் பிடுங்கி, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறார். பழைய உற்சாகம், சாக்பீஸ் மட்டும்தான் இல்லை.) கொழுப்பு மூலக்கூறு ஒன்றில் 55 கார்பன், 104 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். அதோடு நீ சுவாசிக்கும் ஆக்சிஜன் சேர்ந்தால், 55 கார்பன் டை ஆக்சைடும் 52 தண்ணீரும் வரும். பத்து கிலோ கொழுப்பு கரைந்தால் 8.4 கிலோ மூச்சுக்காற்றாகப் போய்விடும். மிச்சம் 1.6 கிலோதான் தண்ணீர்.

(ரகு அட்டவணையை வாங்கி நேராகப் பார்க்கிறார், தலைகீழாகப் பார்க்கிறார். பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம். திடீரென்று புஸ், புஸ் என்று வேகமாக மூச்சு விட ஆரம்பிக்கிறார்.)

அக்கா: என்னடா செய்கிறாய்?

ரகு: அனுப்பிக்கொண்டு... புஸ்... இருக்கிறேன்... புஸ்... கொழுப்பை...

அக்கா: நிறுத்து! தலை சுற்றி விழுவாய். உள்ளே எரிந்தால்தானே புகை வரும்? ஊதுவதாலேயே அடுப்பில் விறகு குறையுமா?

ரகு: (சோபாவைப் பிடித்துக்கொண்டு) சுற்றுகிறது... எரிய என்ன செய்யணும்?

அக்கா: செலவைவிட வரவு கொஞ்சம் குறைய வேண்டும். தினமும் கொஞ்சம், ரொம்ப நாள். உனக்கே தெரிந்த விஷயம்.

ரகு: நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான், அக்கா. எழுதி வேறு வைக்கிறேன்.

அக்கா: அப்படி எழுதி வைத்தவர்களையும் அளந்தாயிற்று. 1992-ல். "ஒரு நாளைக்கு 1,200 கலோரிக்கும் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், எடை இறங்கவே மாட்டேன் என்கிறது" என்றவர்கள். உண்மையில் சாப்பிட்டது, எழுதியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பொய் சொல்லவில்லை, பாவம். போகிற போக்கில் வாயில் போடுவது எதுவும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

ரகு: (மெதுவாக நிமிர்ந்து) பதினேழு.

அக்கா: என்ன பதினேழு?

ரகு: நீ தின்ற பாதாம். எலுமிச்சையில் ஆரம்பித்தாய். நான் கணக்குப் பிள்ளை, அக்கா. ஒன்றுக்கு ஏழு கலோரி வைத்தால் 119.

(அக்கா கையைப் பார்க்கிறார். கையில் பதினெட்டாவது இருக்கிறது.)

அக்கா: பேசிக்கொண்டே சாப்பிடுவது எல்லாம் ஒரு சாப்பாடா?

ரகு: பேரன் தட்டில் மிச்சம் வைப்பதை வீணாக்கக்கூடாது என்று தினமும் ஒரு கை பார்க்கிறாயே, அது?

அக்கா: அது அவன் கணக்கு. என் தட்டு இல்லையே.

ரகு: (எழுந்து மெஷினைக் காலால் தள்ளி அக்காவின் முன்னால் கொண்டுவருகிறார்) ஏறு.

அக்கா: நான் எதற்கு? நான் என்ன டயட்டா இருக்கிறேன்?

ரகு: ஆராய்ச்சிக்கு, அக்கா. 1992-ல் அளந்தார்களே, அதே மாதிரி.

அக்கா: இப்போதுதான் காபி குடித்தேன். காலையில் வெறும் வயிற்றில்தான் பார்க்க வேண்டும்.

ரகு: ஏறு.

(அக்கா மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். டைல்ஸ் சமமாக இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். அங்கிருந்து அரையடி நகர்த்துகிறார். பிறகு பெருமூச்சு விட்டு, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ரகுவின் கையில் கொடுக்கிறார்.)

ரகு: இருபத்தைந்து கிராம்தானே, போட்டுக்கொண்டே ஏறேன். கண்ணாடி இல்லாமல் உனக்கு நம்பரே தெரியாதே?

அக்கா: அதற்குத்தான் கழற்றினேன். நீயும் வாயைத் திறக்காதே.