கிரான் பிடித்த சீட்டு

எங்கள் கீழ்வீட்டு கிரான் போன கிழமை காலமாகிவிட்டார். வயது 96. ஹெய்ட்டிக்காரர் பாட்டியைக் கிரான் என்பார்கள். மொன்றியலில் எங்கள் தெரு முழுக்க, எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும், அவரை அப்படித்தான் கூப்பிட்டது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்காள் "பாவம், எவ்வளவு கஷ்டப்பட்ட சீவன்" என்றார்கள். தேவாலயத்திலும் அதே பேச்சு. எனக்கு மனம் பொறுக்கவில்லை, அதுதான் இதை எழுதுகிறேன். கிரான் கஷ்டப்பட்டார், உண்மை. ஆனால் அவர் கெட்டிக்காரி. காசை எப்படிப் புரட்டுவது, யாரை நம்புவது, யாருக்கு எப்போது கொடுப்பது என்று அறிந்து ஒரு பெரிய குடும்பத்தையே இரண்டு நாடுகளில் நடத்தியவர். அதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

ஜக்மெல் நகரத்துக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் 1928இல் பிறந்தார். அப்போது ஹெய்ட்டி அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. 1915இல் வந்த படை 1934இல்தான் வெளியேறியது. அவருடைய வீட்டில் காப்பித் தோட்டம் இருந்தது. பத்து வயதிலேயே தாயோடு சேர்ந்து காப்பிக்கொட்டையைத் தலையில் சுமந்து சந்தைக்கு இறங்கியதாகச் சொல்வார்.

அந்தக் காப்பிக்குப் பின்னால் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. 1804இல் அடிமைகள் போராடி வென்ற நாடு அது. தோற்ற பிரான்ஸ் 1825இல் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி, தன் தோட்டக்காரர்களின் நட்டத்துக்கென்று 150 மில்லியன் பிராங்க் கேட்டது. 1838இல் அதை 90 மில்லியனாகக் குறைத்தது. அதைக் கட்டுவதற்கு வாங்கிய கடன், அந்தக் கடனைக் கட்ட வாங்கிய கடன் என்று நீண்டு 1947இல்தான் கணக்கு முடிந்தது. இந்தக் கடனைத் தாங்கியதில் பெரும்பங்கு காப்பி ஏற்றுமதி வரிக்கு உண்டு. 1947இல் கிரானுக்கு 19 வயது. ஹெய்ட்டி ஏன் ஏழை நாடு என்று கேட்கிறவர்கள், அந்தப் பெட்டையின் தலைச்சுமையில் ஒரு பங்கு எங்கே போனது என்பதையும் கேட்க வேண்டும்.

1954இல் ஹேசல் புயல் தென்பகுதியைப் புரட்டிப்போட்டது. காப்பிச் செடிகள் அழிந்தன. கிரான் மதாம் சாராவாக மாறினார். கிராமத்து விளைச்சலை வாங்கி, லொறியில் மூட்டைகளுக்கு மேலேயே ஏறியிருந்து தலைநகருக்குக் கொண்டுபோய் விற்கும் பெண்களுக்கு அங்கே அதுதான் பெயர். போர்ட்-ஓ-பிரின்ஸில் குவா-போசால் சந்தையில் வியாபாரம். ஒரு காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மனிதரை விற்ற இடம் அது. சர்வாதிகாரி டுவாலியே ஆட்சிக்காலத்தில் அரசின் மக்கூட் குண்டர்கள் வந்து நின்றால் என்ன கொடுத்து அனுப்புவது என்பதும் அவருடைய வியாபாரக் கணக்கில் ஒரு செலவுதான்.

எழுபதுகளின் நடுவில் மகன் கூப்பிட்டு இங்கே வந்தார். ஷபானெல் தெருப் பக்கத்துத் தையல் தொழிற்சாலை ஒன்றில் வேலை. இங்கேதான் அவர் சோல் தொடங்கினார். நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, சீட்டுத்தான். கழிவு கிடையாது, முறை வைத்து எடுப்பது. கிரானுக்கு எழுதத் தெரியாது. ஆனால் கொப்பி இருந்தது, நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு படம்: ஒருவருக்குக் குடை, ஒருவருக்கு ஊசி, டாக்சி ஓட்டுபவருக்கு ஒரு வட்டம். காசு வந்தால் படத்துக்குக் கீழே ஒரு கோடு. முறை எடுத்தவரின் கோடுகளுக்குக் குறுக்கே ஒரு வெட்டு. எனக்கு ஒரு மீன் வரைந்திருந்தார். ஏன் மீன் என்று கேட்டதற்கு, "உங்கள் வீட்டு மணம் அப்படி" என்று சிரித்தார். எங்கள் வீட்டின் முதல் தவணைக் காசு அந்தக் கொப்பியிலிருந்துதான் வந்தது, நன்றியோடு சொல்கிறேன்.

ஊருக்கும் அவர்தான் தூண். எண்பதுகளின் தொடக்கத்தில், பன்றிகளைக் கொல்லும் ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சலைக் காரணம் காட்டி, அமெரிக்கா முன்னின்ற ஒரு திட்டத்தில், ஹெய்ட்டியின் கறுத்த நாட்டுப் பன்றிகளை எல்லாம் கொன்றுபோட்டார்கள். கிடைத்ததைத் தின்று வளரும் பன்றி அது. பள்ளிக்கூடம் தொடங்கும் மாதத்தில் ஒன்றை விற்றால் பிள்ளைகளின் கட்டணம் வந்துவிடும். பதிலுக்கு வந்த வெள்ளைப் பன்றிகளுக்கோ காசு கொடுத்துத் தீவனம் வாங்க வேண்டும், சீமெந்துத் தரை போட வேண்டும். "நாங்கள் மண் தரையில் படுத்தோம், பன்றிக்குச் சீமெந்து" என்று கிரான் சொல்லும்போது குரலில் கோபம் அப்படியே இருந்தது. அந்த வருடங்களில் தம்பியின் பிள்ளைகள் அத்தனை பேரின் பள்ளிக் கட்டணமும் தையல் மெசினிலிருந்துதான் போனது. இன்று வெளிநாட்டிலிருந்து போகும் காசு ஹெய்ட்டியின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்குக்குள் எத்தனை கிரான்கள் இருப்பார்கள்!

2010 ஜனவரி 12 ஹெய்ட்டியில் நிலநடுக்கம் நடந்தபோது அந்த மாதச் சீட்டு முறை அவருடையது. லெயோகான் நகரப் பக்கத்து உறவுகளை இழந்த ஒரு பெண்ணுக்கு அதை விட்டுக்கொடுத்தார். தன் சொந்தங்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே அப்போது அவருக்குத் தெரியாது.

வருடப் பிறப்பன்று பூசணி சூப், அது வேறு கதை. அடிமைக் காலத்தில் எசமானுக்கு மட்டும் என்றிருந்ததை, விடுதலை கிடைத்த நாளின் நினைவாக எல்லாரும் குடிப்பது. அதற்குப் போடும் இறைச்சியை எலுமிச்சம்புளி விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுப்பில் ஏற்ற விடமாட்டார்.

இப்போது சொல்ல வந்தது. பூசையில் கொடுத்த நினைவுத்தாளில் பிள்ளைகள், பேரர், பூட்டர் எல்லார் பெயரும் இருந்தது. கிரான் என்ன வேலை செய்தார் என்று ஒரு வரி இல்லை. நம்முடைய செத்தவீட்டுக் கல்வெட்டுப் புத்தகங்களிலும் இதே குறைதான்: இன்னாரின் மகள், இன்னாரின் பாரியார், இன்னாரின் தாய், அதோடு சரி. சீட்டுப் பிடித்தது, தைத்தது, நகையை அடகு வைத்து மூன்று பேரை வெளிநாட்டுக்கு அனுப்பியது எதுவும் வராது. ஏன் வரக்கூடாது? பேரப்பிள்ளைகளுக்கு அதுதானே தெரிய வேண்டும்?

கிரானின் மூத்த மகனிடம் இதைக் கேட்டேன். "அதெல்லாம் வீட்டு விசயம்" என்றார். பேத்தி விடவில்லை. வருட நினைவுக்கு அடிக்கும் தாளில் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமாகப் போடப்போகிறாளாம். சீட்டையும் அவள்தான் இனி நடத்துகிறாள். இந்த மாதக் காசு சனிக்கிழமைக்கு முன் சேர வேண்டும் என்று நேற்றே அழைத்துச் சொல்லிவிட்டாள்.