பத்து நிமிடத்தில் உச்சி இருந்தது, தெரியும்

சனிக்கிழமை ஒஸ்லோவின் வெத்தாகொல்லன் குன்றில், பிள்ளைகளோடு போன எங்கள் தமிழ்க் குடும்ப நடையை உச்சிக்கு முன்னால் நான் திருப்பியதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. எங்களோடு வந்த ஓர் அண்ணா அதைப் பகிடி பண்ணிப் போட்ட பதிவை ஒஸ்லோவில் பார்க்காத தமிழர் இல்லை. "எவரெஸ்ட்டைப் பத்து நிமிடத்தில் தவறவிட்ட வீரத்தமிழர்" என்ற வரிக்கு என் சொந்த மச்சாளே சிரிப்புக்குறி போட்டிருக்கிறாள். சரி, பகிடிதானே என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். நேற்று இரவு அதன் கீழே ஒருவர் "பொம்பிளையளை நம்பி மலைக்குப் போனால் இப்பிடித்தான்" என்று எழுதியிருந்தார். அதை வாசித்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஆகவே ஒருதரம் எழுதிவிடுகிறேன். ஆம், எல்லாரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தது நான்தான். உச்சிக்குப் பத்து நிமிடம் இருந்தது, அதுவும் தெரியும். திரும்பியது சரி.

அந்தக் கிழமை நடுவில் மழை பெய்தது. வியாழன் இரவு மைனஸ் எட்டு. வெள்ளி இரவு ஒரு விரல் உயரத்துக்குப் புதுப் பனி. இங்கே நாலு குளிர்காலம் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆட்கள் நடந்து நடந்து இறுகிய பாதை மழையில் ஊறி, இரவில் உறைந்து, அதன்மேல் மா தூவின மாதிரிப் பனி. பார்த்தால் வடிவு, கால் வைத்தால் கண்ணாடி. வெறும் ஐஸ் என்றால் கண்ணுக்குத் தெரியும், பிள்ளையே நின்று யோசிக்கும். மா தூவிய ஐஸ்தான் ஆளை விழுத்துவது. மேலே போகப் போக, பாறையால் வழிந்த தண்ணீர் பாதைக்குக் குறுக்கே படி படியாக உறைந்து கிடந்தது.

பதினான்கு பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கு மூன்று வயது. சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற முள், அதுதான் புரொடர், அது இருந்தது ஐந்து பிள்ளைகளுக்கு மட்டும். இரண்டு பிள்ளைகள் பிறந்தநாள் விழாவுக்குப் போடுகிற வழுவழு அடிச் சப்பாத்தோடு வந்திருந்தார்கள்.

ஒரு பொடியன் சறுக்கினான். மூன்று மீட்டர் இருக்கும். வயிற்றால் வழுக்கிப் போய் ஒரு மரவேரில் தட்டுப்பட்டு நின்றான். எழும்பிச் சிரித்தான், எல்லாரும் சிரித்தார்கள், ஒருவர் "இன்னொருக்கால் செய், வீடியோ எடுக்கிறன்" என்றும் சொன்னார். நான் அந்த வேரைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்த்தேன். பாறை, அதற்குக் கீழே இன்னொரு பாறை. அந்த இடத்தில்தான் முடிவெடுத்தேன். அவனுடைய ஒரு கையுறை அந்த இரண்டாவது பாறையில் கிடந்தது. அதை எடுக்க ஒருவரும் இறங்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் நம் அண்ணா என்ன செய்துகொண்டு நின்றார் தெரியுமா? மகனைத் தோளில் ஏற்றி வைத்திருந்தார். ஐஸில், புரொடர் இல்லாமல், நாலு வயதுப் பிள்ளை தோளில். "அண்ணா, தம்பியை இறக்குங்கோ" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னது உண்மை. கொஞ்சம் சத்தமாகவும் சொல்லிவிட்டேன். பிள்ளை தானாக விழுந்தால் அது விழுவது தன் உயரத்திலிருந்து. தோளிலிருந்து விழுந்தால் அப்பாவின் உயரத்திலிருந்து, அதோடு அப்பாவும் மேலே விழுவார். இதைச் சொல்ல மலையேறும் சான்றிதழ் தேவையா? அந்த எவரெஸ்ட் பதிவில் இந்தத் தோள் விஷயம் மட்டும் எப்படியோ விடுபட்டுப் போயிற்று. பரவாயில்லை.

"பத்து நிமிடம்தானே, ஏறியிருக்கலாமே" என்கிறீர்கள். ஏறியிருக்கலாம், ஏறுவதில் ஒரு வில்லங்கமும் இல்லை. பிள்ளைகள் கையும் காலும் ஊன்றி அணில் மாதிரி ஏறிவிடுவார்கள். அதே பாதையால் இறங்க வேண்டுமே! களைத்த கால், பசி, தேர்மோஸில் கொக்கோ முடிந்துவிட்டது, மூன்றரை மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும். பத்து நிமிடத்தில் ஏறியதை இறங்க முக்கால் மணித்தியாலம் எடுக்கும். நீங்கள் கணக்குப் பார்த்தது ஏறுவதற்கு மட்டும்.

அடுத்தது எல்லாரும் வைத்திருக்கிற பெரிய ஆயுதம்: "நோர்வேக்காரரின் பிள்ளைகள் போகவில்லையா?" போகிறார்கள். தள்ளுவண்டியில் குழந்தையை வெளியே குளிரில் நித்திரையாக்குகிற ஊர் இது, எனக்குத் தெரியாதா? என் மகள் பார்ணஹாகனில், அதுதான் பாலர் பள்ளியில், சேர்ந்த முதல் மாதம் "பருத்தி உள்ளாடை வேண்டாம், கம்பளி அனுப்புங்கள்" என்று துண்டு எழுதிப் பையில் வைத்து அனுப்பினார்கள். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே உடம்போடு ஒட்டிக் கிடக்கும், பிள்ளை நடப்பதை நிறுத்திய உடனே குளிர் ஏறிவிடும். எனக்கு அன்று அது தெரியாது. அந்தத் துண்டை வாசித்துவிட்டு வெட்கத்தில் அழுதிருக்கிறேன், அது வேறு கதை. அந்த நோர்வேக்காரரைத்தான் சொல்கிறேன்: சனிக்கிழமை நாங்கள் நின்று வாதாடிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு நோர்வேத் தாய் இரண்டு பிள்ளைகளோடு குண்டியால் அரக்கி அரக்கி இறங்கி வந்தார். "மேலே ஸ்பைல்பிளாங்க்" என்றார், கண்ணாடி மாதிரி என்று அர்த்தம். அவரும் உச்சிக்குப் போகாமல்தான் திரும்பியிருந்தார். அவரைப் பற்றி யாரும் பதிவு போட்டதாகத் தெரியவில்லை.

இந்த நாட்டு மலை விதிகள் ஒன்பதில் எட்டாவதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே சொல்வார்கள்: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் 18 பேர் செத்த பிறகு நாடு முழுக்கப் பரப்பிய விதிகள் இவை. செத்தவர்களும் ஸ்கீயோடு வளர்ந்த சனங்கள்தான். அவர்களுக்கு எழுதிய விதி எங்களுக்குப் பொருந்தாதா? எங்களுக்கு மட்டும் திரும்பினால் மானம் போகுமா?

"அப்படியென்றால் முதலில் ஏன் கூட்டிக்கொண்டு போனாய்?" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். இது நியாயமான கேள்வி. மழை பெய்ததும் எனக்குத் தெரியும், உறைந்ததும் தெரியும். குழுவில் "புரொடர் இருந்தால் கொண்டு வாருங்கள்" என்று எழுதினேன். அந்த "இருந்தால்" என் பிழை. இல்லாதவர்கள் வரவேண்டாம் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் "இவ பெரிய ஆள், சட்டம் போடுறா" என்று அதற்கும் ஒரு பதிவு வந்திருக்கும், ஆனாலும் எழுதியிருக்க வேண்டும். சொங்ஸ்வான் குளத்தைச் சுற்றித் தட்டையான பாதை இருக்கிறது, அங்கே போயிருக்கலாம் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் புறப்பட்டது பிழையென்றால் திரும்பியதும் பிழை என்று எந்தக் கணக்கில் வருகிறது?

என் அப்பா எண்பதுகளில் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். கொழும்பில் வாங்கிய தோல் சப்பாத்து. வந்த பிறகு கண்ட முதல் நவம்பரில், வேலைக்கு நடந்து போகும்போது விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. அம்மாவுக்குக் கடிதம் எழுதவேண்டும், இடது கையால் எழுதினால் கையெழுத்து மாறிவிடும், அம்மா பயந்துவிடுவார் என்று ஆறு கிழமை கடிதமே போடவில்லை. ஊரில் அம்மா என்ன நினைத்திருப்பார்? அந்த மனுஷன்தான் என் மகளுக்கு ஐஸில் நடக்கப் பழக்கியவர். "மழைக்குப் பிறகு வயல் வரம்பிலை நடக்கிற மாதிரி நட பிள்ளை. சின்ன அடி. முழுப் பாதத்தையும் வை. உடம்பை முன்னுக்குக் குடு." அவள் வாழ்க்கையில் வரம்பைப் பார்த்ததில்லை. ஆனால் ஐஸைக் கண்டால் "அம்மா, வரம்பு நடை" என்று சொல்லிவிட்டுத்தான் கால் வைப்பாள். சனிக்கிழமை இறங்கும்போது மற்றப் பிள்ளைகளுக்கும் அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். பதினான்கு பிள்ளைகளும் வரிசையாக வரம்பு நடை நடந்து ஸ்டேஷன் வரைக்கும் வந்தார்கள். ஒருவரும் விழவில்லை. அதை ஒருவரும் வீடியோ எடுக்கவும் இல்லை.

எனக்கு உண்மையில் சுட்டது எவரெஸ்ட் பகிடி இல்லை. போன வருடம் கோடை நடையில் மழை வந்தபோது ஓர் ஆண் எல்லாரையும் திருப்பினார், "அனுபவம் பேசுது" என்றீர்கள். நான் திருப்பினால் பயந்தாங்கொள்ளி. எட்டு வருடமாக இந்த நடைகளை ஒழுங்கு செய்கிறேன். பேருந்து நேரம் பார்ப்பது நான், யாருடைய பிள்ளைக்குக் கடலை ஒவ்வாமை என்று நினைவு வைத்திருப்பது நான், ஈரக் காலுறைக்கு மாற்றுச் சோடி காவுவது நான். அதற்கெல்லாம் ஒரு நன்றியும் நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. சரி, கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வருடத்தின் எட்டாம் கிழமையில் வருகிற பள்ளிக்கூடக் குளிர்கால லீவில் திரும்பவும் போகிறோம், இந்தமுறை சொங்ஸ்வான். புரொடர் கட்டாயம், "இருந்தால்" கிடையாது. கடையில் சிறுவர் அளவில் நாலு சோடி கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன், வேண்டுமானவர்கள் வியாழனுக்கு முன் சொல்லுங்கள். அண்ணா, தம்பிக்கு 27 அளவு என்று நினைக்கிறேன். ஒரு சோடி எடுத்து வைத்திருக்கிறேன்.